மந்திரி உரசிய கல்

உலகத்தில் இதுவரை நடந்த சண்டைகள், இப்போது நடந்துகொண்டிருக்கும் சண்டைகள், இனிமேல் நடக்கப்போகும் சண்டைகள் ஆகிய அனைத்துக்கும் மூலகாரணம் செம்மறி ஆடுதான்.

மோட்டார் ரிப்பேர் கடை பெஞ்சில் உட்கார்ந்து, டீ டம்ளரை ஆட்டியபடி இதை அறிவித்தவர் ஆதாரம். வீட்டில் வைத்த பெயர் வேறு. எதைச் சொன்னாலும் கடைசியில் "ஆதாரம் இருக்கு" என்று முடிப்பதால் ஊரார் இந்தப் பெயரை வைத்தார்கள். நாளடைவில் பழைய பெயர் அவருக்கே மறந்துவிட்டது. இதுவரை யாரும் அவரிடம் அந்த ஆதாரத்தைக் கேட்டதில்லை. கேட்டால் காட்டிவிடுவாரோ என்ற பயம்.

"பொன்னாசை, மண்ணாசைன்னெல்லாம் சொல்வாங்களே?" என்றார் மோட்டார்காரர், கருகிப்போன காயிலிலிருந்து செம்புக் கம்பியை உருவியபடி.

"அதெல்லாம் அப்புறம் வந்தது. மொதல்ல ஒருத்தன் வெதைச்சான். முளைச்சு வந்ததும் இன்னொருத்தன் ஆட்டை ஓட்டிக்கிட்டு வந்தான். அன்னைக்குப் புடிச்ச சனி. ஆதாரம் இருக்கு."

பெஞ்சில் இருந்த மற்ற விவசாயிகள் தலையாட்டினார்கள். முன்பெல்லாம் இவர்கள் டீக்கடையில் உட்கார்ந்துதான் தலையாட்டுவார்கள். கிணற்றில் தண்ணீர் கீழே போகப்போக மோட்டார்கள் காற்றைக் குடித்துக் கருகத் தொடங்கின. எல்லாரும் ஏதாவதொரு மோட்டாருக்காக இங்கே காத்துக்கிடக்க வேண்டியதாகிவிட்டதால், டீயும் இங்கேயே வர ஆரம்பித்துவிட்டது.

அப்போதுதான் ஆதாரத்தின் சித்தப்பா மகன் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். அவன் வயல் ஆதாரத்தின் வயலுக்கு அடுத்தது. ஊரில் எல்லாரும் அவனைப் பங்காளி என்றே கூப்பிட்டார்கள், அவனோடு எந்தப் பங்கும் இல்லாதவர்கள் உட்பட.

"அண்ணே, உங்க மாப்பிள்ளை வந்துட்டாரு!"

"எந்த மாப்பிள்ளை?"

"உங்களுக்கு எத்தனை மாப்பிள்ளை? ஆட்டுக்கார மாப்பிள்ளைதான். மேட்டுல மந்தை நிக்குது."

டம்ளர் பாதி வழியில் நின்றது. "இப்பவா? சோளம் இன்னும் வயல்ல நிக்குதே?"

விஷயம் இதுதான். ஆதாரத்துக்கு ஒரே தங்கை. அவள் பல வருடங்களுக்கு முன்னால், வருடா வருடம் இந்த வழியாக வரும் ஆட்டுக்காரர் ஒருவரைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்று கட்டிக்கொண்டாள். "ஆட்டுக்குப் பின்னால போறவனுக்குப் பின்னால போறியே, ஊர் போய்ச் சேருவியா?" என்று அண்ணன் கேட்டார். "ஆடு போய்ச் சேருதுல்ல?" என்றாள். அந்தக் கல்யாணத்தில் வேறு பேச்சு எதுவும் யாருக்கும் நினைவில்லை.

அறுவடை முடிந்து வயலில் தட்டைக்கட்டை மட்டும் நிற்கும்போது மந்தை மேட்டிலிருந்து இறங்கும். ஆடுகள் கட்டையைத் தின்னும், புழுக்கை போடும், வயல்களுக்கு அப்பால் இருக்கும் குளத்தில் தண்ணீர் குடிக்கும், பிறகு கிளம்பிவிடும். ஆட்டுக்குத் தீனி, வயலுக்கு எரு, அண்ணனுக்குத் தங்கை முகம். யாரும் யாருக்கும் நன்றி சொல்லவேண்டிய தேவையே இல்லாத ஏற்பாடு. இதைப் பேசி முடித்த தரகர் மழை. அது இரண்டு பக்கமும் நேரத்துக்குப் பெய்துகொண்டிருந்தவரை, வயல்காரன் அறுத்து முடிப்பதும் ஆட்டுக்காரன் வந்து நிற்பதும் சொல்லி வைத்தாற்போல நடந்தன.

சமீப காலமாகத் தரகரின் நடத்தை சரியில்லை. இங்கே காக்கவைத்துக் காக்கவைத்து, விதைக்கும் பருவம் தாண்டியபிறகு பெய்தது. அறுவடை பின்னால் போயிற்று. அங்கே, ஆட்டுக்காரர்களின் மேய்ச்சல் பக்கத்தில், வருடத்து மழை முழுவதையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டுப் போய்விட்டது. புல் தலைதூக்கும் முன்பே மேல்மண் ஓடிவிட்டது. மந்தை முன்னால் வந்தது. ஒரே வாசலில் ஒருவன் உள்ளே நுழையும்போது இன்னொருவன் வெளியே வந்தால் என்ன ஆகும்? முட்டிக்கொள்வார்கள். முட்டிக்கொண்டபிறகு வாசலை யாரும் திட்டுவதில்லை.

ஆதாரத்தின் முடிவு வேறு. "வேணும்னே வந்திருக்கான். சோளம் பால் பிடிக்கிற நேரம் பார்த்து வந்திருக்கான்" என்று எழுந்தார். நடுவழியில், பல்லிடுக்கில் நார் சிக்கியதுபோல ஒரு கேள்வி அவரைத் தொந்தரவு செய்தது. ஆனால் எப்படி இவ்வளவு சீக்கிரம்? அவன் வாட்ச்கூடக் கட்டுவதில்லையே?

மேட்டில் ஒரு மரம்தான் இருந்தது. அதன் நிழலில் இடம் கிடைக்காத ஆடுகள், ஒன்றின் வயிற்று நிழலில் இன்னொன்று தலையை நுழைத்துக்கொண்டு நின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் தலையே இல்லாத மந்தை. ஒன்று மட்டும் தலை நிமிர்ந்து தனியாக நின்றது. காயடித்த பெரிய கிடா, கழுத்தில் மணி, வெளுத்துப்போன மூக்கு. அதன் பெயர் மந்திரி. எப்போதும் முன்னால் போகும், எதற்கும் பதில் சொல்லாது என்பதால் வைத்த பெயர்.

"வாங்க மச்சான்" என்றார் மாப்பிள்ளை.

"நான் எங்க வர்றது? நீங்கதான் வந்திருக்கீங்க. அதுவும் கூப்பிடாம."

"எந்த வருசம் கூப்பிட்டீங்க?"

தங்கை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "அண்ணே, அண்ணி சௌக்கியமா? மேய விடச் சொல்லி வரலை. தண்ணி காட்டணும், அவ்வளவுதான். நேத்துக் காலையில குடிச்சதுங்க. பழைய பாதையை விட்டாப் போதும், குளத்துக்குப் போயிடுவோம். குளத்துக்கு அந்தப் பக்கம் தரிசுக் கரம்புல கிடந்துக்குவோம்."

"எந்தப் பாதை?"

தங்கை திரும்பி வயலைப் பார்த்தாள். மேட்டடியில் தொடங்கி, ஆதாரத்தின் வயலுக்கும் பங்காளியின் வயலுக்கும் நடுவில் ஒரு கோடு போயிற்று. இரண்டு பக்கமும் சோளம் தோளுயரம் நின்றது. அந்தக் கோட்டில் ஓர் ஆள் நடந்தால், கையை வீசி நடக்க முடியாது.

யாரும் அந்தப் பாதையைத் திருடவில்லை. உழும்போது ஓரத்தில் ஒரே ஒரு சால் கூடுதலாக ஓட்டுவது இந்தப் பக்கத்துக் கைப்பழக்கம். யாரும் திட்டம் போட்டுச் செய்வதில்லை, கை தானாகப் போகும். விளைச்சல் குறையக் குறைய, சாலுக்கு ஒரு துணைச்சால் சேர்ந்தது. போன இரண்டு வருடமும் மந்தை வந்தபோது எல்லாம் வெறுங்கட்டையாக இருந்தது. எது வயல், எது பாதை என்று கேட்க யாருக்கும் அவசியம் வரவில்லை.

"ரெண்டு வண்டி எதிரும் புதிருமாப் போகுமே அண்ணே?"

"அப்ப நீ சின்னப் புள்ள. சின்னப் புள்ளைங்களுக்கு எல்லாமே பெருசாத் தெரியும். ஆதாரம் இருக்கு." பிறகு மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். நார் இன்னும் பல்லிடுக்கில் இருந்தது. "அது கிடக்கட்டும் மாப்ளே, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இப்பக் கிளம்பணும்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

மாப்பிள்ளை யோசித்தார். "அங்க புல்லு காஞ்சுது. மந்திரி ஒரு நாள் காலையில எழுந்து இந்தப் பக்கமா நடந்துச்சு. நாங்க பின்னால வந்தோம்."

பின்னால் வந்திருந்த விவசாயிகள் சிரித்தார்கள். ஆதாரம் அவர்கள் பக்கம் திரும்பி, மேடையில் நிற்பவர்போலக் கையை உயர்த்தினார். "கேட்டுக்கிட்டீங்களா? ஆடு நடந்துச்சாம், இவங்க வந்தாங்களாம். மனுசன் முன்னால போகணும், ஆடு பின்னால வரணும். அதுக்குப் பேருதான்யா நாகரிகம். நான் ஒரு நாள் ஆட்டுக்குப் பின்னால நடந்தா, அன்னைக்கே என் பேரை மாத்திக் கூப்பிடுங்க."

"ஏற்கெனவே மாத்தியாச்சே" என்றார் மோட்டார்காரர். கடையைப் பூட்டிவிட்டு வேடிக்கை பார்க்க வந்திருந்தார்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ஆதாரத்துக்கு ஒரு யோசனை பிறந்தது. தலைவனைப் பிடித்து உள்ளே போட்டால் கூட்டம் இருந்த இடத்திலேயே அடங்கிக் கிடக்கும். இது தவறு என்று உலக வரலாறு எத்தனையோ முறை சாட்சி சொல்லியிருக்கிறது. ஆனால் அவர் வரலாற்றை ஆதாரமாக எடுத்துக்கொள்பவர் இல்லை.

"மந்திரி நம்ம வீட்ல இருக்கட்டும்" என்றார். "சோளம் அறுத்ததும் மரியாதையா அனுப்பி வைக்கிறேன்."

"வேண்டாம் மச்சான்" என்றார் மாப்பிள்ளை. "அது இல்லாட்டி இதுங்களை நிறுத்த முடியாது."

"நகர முடியாதுன்னு சொல்லுங்க."

"நிறுத்த முடியாதுன்னுதான் சொன்னேன்."

ஆதாரம் தமக்கு வேண்டியதைக் கேட்டுக்கொண்டார். பங்காளி பின்னங்காலைப் பிடிக்க, இவர் கொம்பைப் பிடிக்க, மந்திரியை மோட்டார்காரரின் லோடு ஆட்டோவில் ஏற்றினார்கள். அது முரண்டு பிடிக்கவில்லை. பழுதுபார்த்த இரண்டு மோட்டார்களுக்கு நடுவில் நின்று, ஊர்வலம் போவதுபோல இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே வந்தது.

வீட்டின் பின்கட்டில் ஆதாரத்தின் மனைவி துணி துவைத்துக்கொண்டிருந்தாள். சாய்த்துப் போட்டிருந்த நீளமான கல். ஒரு பக்கம் கரடு, மறுபக்கம் கண்ணாடி மாதிரி வழவழப்பு. அந்தக் கல்லைப் பற்றி அவளுக்குப் பெருமை உண்டு. அதில் துவைத்தால் துணி கிழியாது, அழுக்கு நிற்காது என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொள்வாள்.

"வெங்காயம் வாங்கிட்டு வரச் சொன்னேன்" என்றாள், ஆட்டைப் பார்த்தபடி.

"விருந்தாளி வந்திருக்கு. தண்ணி வை."

"இது மந்திரியில்ல? உங்க தங்கச்சி வரலையா? ஆட்டை மட்டும் அனுப்பினாளா?"

"இது பிணைக்கைதி."

"அப்ப விருந்தாளியா, கைதியா? எதுன்னு சொன்னாத்தானே எந்த வாளியில தண்ணி வைக்கிறதுன்னு தெரியும்?"

அவள் துணி அலசும் பெரிய வாளியையே நிரப்பி வைத்தாள். மந்திரி மூச்சு விடாமல் குடித்தது. வாளி காலியானதும் தலையை எடுக்காமல் அடியை நக்கியது. அவள் கணவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி நிரப்பினாள். அதுவும் போயிற்று. ஆதாரம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

வேறு பக்கம் பார்த்ததால் தொடக்கத்தைத் தவறவிட்டார். மணிச்சத்தம் கேட்டுத் திரும்பியபோது, மந்திரி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்றது. கல்லை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மோந்தது. பிறகு இடது தோளை அந்த வழவழப்பான பக்கத்தில் வைத்து, கண்ணைப் பாதி மூடி, சுகமாக உரசியது. உரசி முடித்ததும், வேலை முடிந்த தோரணையில் முன்னால் நாலடி நடந்தது. கட்டியிருந்த கயிறு இழுத்தது. திரும்பி வந்தது. மறுபடி இடது தோள், மறுபடி உரசல், மறுபடி முன்னால் நடை, மறுபடி கயிறு.

"ஏய், இதைப் பாரேன்."

"சொறி எடுக்குது. எண்ணெய் தடவணும்."

"சொறின்னா செவுத்துல உரசலாமே? அது ஏன் இந்தக் கல்லு?"

ஆதாரத்திடம் ஒரு நல்ல குணம் உண்டு. கேள்வி வந்துவிட்டால் அதை விடமாட்டார். மந்திரியை இழுத்துப்போய்ச் சுவரோரம் நிறுத்தினார். அது சுவரைப் பார்க்கவே இல்லை. தூணுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். தூணை மோந்துவிட்டுத் தும்மியது. அம்மிக்கல்லைக் காட்டினார். கடைசியில், ஆராய்ச்சிக்காகத் தம் காலையே நீட்டிப் பார்த்தார். அவர் முட்டியை ஒரு கணம் பரிசீலித்துவிட்டு மந்திரி முகத்தைத் திருப்பிக்கொண்டது. கயிற்றைத் தளர்த்தியதும் நேராக மறுபடி கல். இடது தோள்.

மனைவி சோப்பை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "ஏங்க, இந்தக் கல்லு எங்க வாங்கினீங்க?"

"கல்லுக்கடையில."

"கல்லுக்கடைன்னு ஒண்ணு இருக்கா?"

"அப்ப இருந்துச்சு."

அவள் மேலே கேட்பதற்குள் போன் அடித்தது. பங்காளி. அவன் குரலுக்குப் பின்னால் யாரெல்லாமோ கத்தினார்கள்.

"அண்ணே, மந்தை உடைஞ்சிருச்சு! காத்து திரும்பிச்சு, குளத்து வாசம் வந்துச்சு, அவ்வளவுதான். கொட்டின மாதிரி எல்லாப் பக்கமும் எறங்கிருச்சு. உங்க வயலு, என் வயலு, எல்லா வயல்லயும் ஆடு. நம்மாளுங்க தடியைத் தூக்கிட்டாங்க. பின்னால இன்னொரு மந்தை வந்திருக்கு, அவங்க ஆளுங்களும் தடியோட எறங்குறாங்க. அடி விழுந்திருச்சுண்ணே."

"யாரு மேல?"

"தெரியலை. உங்க மாப்பிள்ளை நடுவுல நிக்கிறாரு."

போனைக் காதிலிருந்து எடுத்தபோது பின்வாசல் கதவு திறந்தது. தங்கை. செருப்பில்லை, முழங்கால் வரை புழுதி, தலையில் சோளத்தாள் ஒட்டியிருந்தது.

"மந்திரியைக் குடு அண்ணே. பேச நேரமில்லை. மணிச்சத்தம் கேட்டா ஆடுங்க சேர்ந்துக்கும். ஆடு சேர்ந்தா ஆளு கலைஞ்சிடுவாங்க. இல்லாட்டி இன்னைக்கு யாரோ ஒருத்தர் திரும்பி வரமாட்டாங்க. அதுவும் அவர்தான் நடுவுல..."

பாதியில் நிறுத்திவிட்டாள். மந்திரி உரசிக்கொண்டிருந்த கல்லைப் பார்த்தாள். பக்கத்தில் போனாள். குனிந்து, வழவழப்பான பக்கத்தைக் கையால் தடவினாள். ஒரு மூலையில் கை நின்றது. அங்கே முன்பு இல்லாத ஒரு சின்னச் சில்லு பெயர்ந்திருந்தது.

"இது பாதையில நின்ன உரசுகல்லு ஆச்சே."

மந்திரியின் மணி மட்டும் கிணுகிணுத்தது.

"பாதையில பாதி தூரத்துல நட்டு வச்சிருக்குமே, அண்ணி. ஆடுங்க போறப்ப வர்றப்ப தோளைத் தேச்சுக்கிட்டுப் போகும். தேச்சுத் தேச்சுதான் இந்தப் பக்கம் இப்படி ஆச்சு. இதுல சாஞ்சு நின்னுக்கிட்டுத்தான் அவரை நான் மொதமொதல்ல பார்த்தேன்."

"கல்லுக்கடை" என்றாள் மனைவி.

அந்த ஒரே வார்த்தைதான். ஆனால் அதை அவள் சொன்ன விதத்தில், ஆதாரம் அடுத்த பத்து வருடங்களுக்குச் சாப்பிட வேண்டிய உப்பில்லாத சோறு முழுவதும் இருந்தது.

நடந்தது பெரிய கதையொன்றுமில்லை. சாலுக்கு மேல் சால் ஓட்டி, பாதை வயலானபோது, பாதை நடுவில் நின்ற கல் வயல் நடுவில் நின்றது. போன வருடம் மந்தை கிளம்பிப் போனபிறகு, டிராக்டர் கலப்பை ஒரு நாள் அதில் இடித்து ஒரு சில்லு பெயர்ந்தது. வயலுக்கு நடுவில் கல் எதற்கு என்று அவருக்குத் தோன்றிற்று. சங்கிலி போட்டு இழுத்து வந்தார். அதோடு இன்னொரு வசதியும் இருந்தது. கல் போனபிறகு, அங்கே பாதை இருந்ததற்கு ஆதாரம் இல்லை.

ஆதாரம் கயிற்றை அவிழ்த்தார்.

வயலோரம் போய்ச் சேர்ந்தபோது, சோளக்கதிர்கள் இங்குமங்கும் காற்றில்லாமல் ஆடின. ஆடுகள் கண்ணுக்குத் தெரியவில்லை, அவை இருக்குமிடம் மட்டும் தெரிந்தது. வரப்பில் ஒரு பக்கம் ஊர்க்காரர்கள், மறுபக்கம் மந்தைக்காரர்கள். இரண்டு பக்கமும் தடிகள். ஒரே மரத்தில் வெட்டியவை போல இருந்தன. நடுவில் மாப்பிள்ளை, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு. அவர் புருவத்துக்கு மேலே வெடித்திருந்தது. இரத்தம் கண்ணோரம் வழிந்து காய்ந்திருந்தது.

"யாருடா அடிச்சது?" என்றார் ஆதாரம்.

பங்காளி தன் தடியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். அது அவனைவிட உயரம், அதனால் மேல்பாதி அவன் தலைக்குப் பின்னால் நின்று எல்லாருக்கும் தெரிந்தது.

"அவன் என் பயிரை அழிச்சாண்ணே" என்றான் கடைசியில். குரல் உடைந்தது. "மோட்டார் மூணு தடவை எரிஞ்சு, கடைசித் தண்ணிய வாளியில ஊத்தி வளர்த்தது. உங்களுக்குத் தெரியாதா?"

ஆதாரத்துக்குத் தெரியும். அவர்தான் அந்த வாளியின் மறுபக்கத்தைப் பிடித்திருந்தார்.

மந்திரி தலையை ஒரு தரம் உதறியது. மணி ஒலித்தது. சோளத்துக்குள் ஆடிக்கொண்டிருந்த கதிர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன.

"கூட்டிட்டுப் போங்க மச்சான்" என்றார் மாப்பிள்ளை.

ஆதாரம் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, முன்னால் போய், இரண்டு வயலுக்கும் நடுவிலிருந்த அந்தக் கோட்டில் இறங்கி இழுத்தார். மந்திரி நான்கு காலையும் ஊன்றியது. மறுபடி இழுத்தார். கழுத்து நீண்டதே ஒழியக் கால் நகரவில்லை. "வா" என்றார். "வாங்க" என்றும் சொல்லிப் பார்த்தார். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவ்வளவு தடிகளுக்கு நடுவிலும் சிரிப்பு வந்தது.

தங்கை வந்து, மந்திரியின் கழுத்திலிருந்து கயிற்றைக் கழற்றினாள். "மறிச்சுக்கிட்டு நிக்கிறியேண்ணே."

"நான் வழி காட்டுறேன்."

"அதுக்குத் தெரியும். நீ கொஞ்சம் தள்ளு."

அவர் ஒரு பக்கமாக ஒதுங்கினார். மந்திரி அவரைப் பார்த்தது. இன்னும் கொஞ்சம் ஒதுங்கினார். அது கோட்டில் இறங்கவில்லை; அந்தக் கோடு பழைய பாதையின் ஓரம் மட்டும்தான். வரப்பு மேலேயே கொஞ்ச தூரம் போய், ஓரிடத்தில் நின்று, மோந்து, நேராக ஆதாரத்தின் சோளத்துக்குள் நுழைந்தது.

"அண்ணே, உங்க வயலு!" என்று கத்தினான் பங்காளி.

ஓடிப்போய் மறிக்க வேண்டும். எல்லாரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள், அவரும் அதைத்தான் எதிர்பார்த்தார். ஓடத்தான் செய்தார். ஆனால் சோளத்துக்குள் நுழைந்த மந்திரி ஒரு தாளைக்கூடக் கடிக்கவில்லை. வயிறு நிறைய வாளித் தண்ணீர். அவசரமே இல்லாமல், நூல் பிடித்ததுபோல, நேராகப் போயிற்று. வளைவு வந்த இடத்தில் வளைந்தது. அங்கே சோளத்தைத் தவிர வேறெதுவும் இல்லை, ஆனால் ஒரு காலத்தில் பாதை அங்கேதான் வளைந்தது. அது ஆதாரத்துக்குத் தெரியும். ஆட்டுக்கு எப்படித் தெரியும்? அடுத்தது எங்கே திரும்பும்? பார்க்காமல் இருக்க முடியவில்லை. கைக்கெட்டும் தூரத்தில், அதன் வாலுக்குப் பின்னால் போனார்.

அவருக்குப் பின்னால் சரசரப்புக் கேட்டது. திரும்பினார். வலது பக்கமிருந்தும் இடது பக்கமிருந்தும் ஆடுகள் வந்து, ஒன்றின் பின் ஒன்றாகச் சேர்ந்துகொண்டிருந்தன. பங்காளியின் வயலிலிருந்து வந்தவை வரப்பைத் தாண்டி இவர் வயலுக்குள் வந்தன. வாயில் கதிரோடு வந்தவையும் உண்டு, மென்றுகொண்டே நடந்தன. புதிதாக எதுவும் குனியவில்லை. முன்னால் மணி போய்க்கொண்டிருந்தது.

மணி நின்றது.

வயலின் நட்ட நடுவில் மந்திரி நின்றுவிட்டது. இடது தோளைச் சாய்த்தது. அங்கே ஒன்றுமில்லை. தடுமாறி ஒரு கால் ஊன்றிச் சமாளித்தது. தரையை மோந்தது. மறுபடி தோளைச் சாய்த்தது, மறுபடி தடுமாறியது. பிறகு அசையாமல் நின்று, காத்திருந்தது.

ஆதாரத்துக்குப் பின்னால் வரிசையும் நின்றது. ஒரு தலை சோளத்தின் பக்கம் திரும்பியது. பிறகு இன்னொன்று. முதல் தாள் முறியும் சத்தம் கேட்டது. வரப்பில் குரல்கள் மறுபடி உயர்ந்தன. யாரோ யாரையோ பிடித்துத் தள்ளினார்கள். தங்கை "வேண்டாம், வேண்டாம்" என்றாள்.

அவர் அந்த இடத்தைப் பார்த்தார். எந்த அடையாளமும் இல்லை. அவர் உழவு அவ்வளவு சுத்தம்.

மந்திரியைச் சுற்றிக்கொண்டு அதன் இடது பக்கம் போனார். வேட்டியை மடித்துக் கட்டினார். கல் நின்ற இடத்தில் காலை அகற்றி ஊன்றி நின்றார். பின்கட்டில் அந்த முட்டியை வேண்டாமென்று தள்ளிய மந்திரி, இப்போது மோந்து பார்த்தது. இடம் சரியாக இருந்தது. தோளை வைத்து, கண்ணைப் பாதி மூடி, முழு பலத்தோடு உரச ஆரம்பித்தது.

வரப்பில் நின்றவர்களுக்குச் சோளத்துக்கு மேலே ஆதாரத்தின் தலை மட்டும்தான் தெரிந்தது. அது முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டிருந்தது. முகத்தில் ஓர் உணர்ச்சியும் இல்லை. தடிகள் ஒவ்வொன்றாகத் தரையில் ஊன்றப்பட்டன. கையில் தூக்கி வைத்துக்கொண்டு இவ்வளவு கவனமாக வேடிக்கை பார்ப்பது கஷ்டம்.

"ஆதாரம்!" என்று கூப்பிட்டார் மோட்டார்காரர். "அங்க என்னய்யா இருந்துச்சு?"

தலை ஆடிக்கொண்டே இருந்தது.

உரசல் முடிந்தது. மந்திரி உடம்பை ஒரு தரம் சிலிர்த்து உதறிவிட்டு, குளத்துப் பக்கமாக நடந்தது. மணி கேட்டதும் குனிந்த தலைகள் நிமிர்ந்தன. முறிந்த தாள்களை மிதித்துக்கொண்டு வரிசை நகர்ந்தது.

"அண்ணே!" பங்காளியின் குரல் இப்போது வேறு மாதிரி இருந்தது. "போறது சரி, நாளைக்குத் தண்ணிக்கு அடுத்த மந்தை வருமே? அது எந்த வழியாப் போகும்?"

அந்தக் கேள்வி வரப்பில் நின்ற எல்லாருக்கும் பொதுவாக விழுந்தது. இரண்டு பக்கத்து ஆட்களும் சோளத்துக்கு நடுவில் விழுந்திருந்த கோட்டைப் பார்த்தார்கள். ஆடுகள் போகப்போக அது அகலமாகிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை விரித்திருந்த கைகளை மெதுவாக இறக்கினார்.

ஆதாரம் திரும்பிப் பார்க்கவில்லை. தொடையில் ஆட்டு மயிரும் எண்ணெய்ப் பிசுக்குமாக, அவர் நடந்துகொண்டிருந்தார். மந்திரி வேகமாகப் போனபோது வேகமாகப் போனார். குளத்தங்கரை ஏற்றத்தில் அது மூச்சு வாங்க நின்றபோது, இரண்டடி பின்னால் அவரும் நின்றார். மணி மறுபடி ஒலித்தபோது காலெடுத்து வைத்தார்.